கடைசிப் பேருந்தின் கணக்கு

தமிழ்நாட்டில் கிராமத்துக்குள் போகும் பேருந்துக்கு டவுன் பஸ் என்று பெயர். ஒரு நகரத்தையும் இன்னொரு நகரத்தையும் இணைக்கும் பேருந்துக்கோ மப்சல் பஸ் என்று பெயர். கும்பெனிக் காலத்து அதிகாரிகள் தலைநகருக்கு வெளியே கிடந்த நாட்டுப்புறம் அனைத்தையும் மொபசல் என்ற சொல்லால் குறித்தார்கள். இன்று அந்தச் சொல்லைத் தாங்கிய வண்டி நாட்டுப்புறத்தில் நிற்காமல் விரைகிறது. டவுன் என்ற சொல்லைத் தாங்கிய வண்டி கருவேலங்காட்டு மண்சாலையில் குலுங்கிக்கொண்டு போய் ஆலமரத்தடியில் திரும்புகிறது. இந்தப் பெயர் மாறாட்டத்தைப் பிழை என்று நாம் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. நகரத்தில் தொடங்கி ஒரு வரம்புக்குள் முடியும் தடம் என்பதே சட்டத்தின் பார்வையில் நகரப் பேருந்துத் தடம். கிராமம் அந்த நீட்சியின் நுனியில் தொங்குகிறது. கிராமத்துக்கென்று தனியாக ஒரு பேருந்தை நம் சட்டமும் நம் பேச்சும் யோசிக்கவில்லை.

நமது சிறுகதைகளில் பேருந்து நிலையங்களுக்கும் நடத்துநர்களுக்கும் ஜன்னலோர இருக்கைகளுக்கும் குறைவில்லை. ஆனால் அந்தப் பேருந்து அங்கே எப்படி வந்தது, யார் பணத்தில் வந்தது என்ற கேள்வி இலக்கியத்தின் கண்ணில் அதிகம் பட்டதில்லை. சரித்திர நூல்களின் கண்ணிலும் அப்படித்தான். அணைக்கட்டுகளையும் ஆலைகளையும் எழுதுகிறவர்கள் தடம் எண்ணை எழுதுவதில்லை.

ஹால்ட் பஸ் என்றொரு வழக்கம் உண்டு. இரவு கடைசி நடையாகக் கிராமத்துக்கு வரும் வண்டி திரும்பிப் போவதில்லை. ஓட்டுநரும் நடத்துநரும் அங்கேயே, பெரும்பாலும் வண்டிக்குள்ளேயே, படுத்துறங்குவார்கள். விடியற்காலையில் முதல் நடை புறப்படும். பால் கேன்களும் பூக்கூடைகளும் காய்கறி மூட்டைகளும் ஏறும். பிறகு கட்டட வேலைக்குப் போகிறவர்கள். அடுத்த நடையில் பள்ளிப் பிள்ளைகள். காலையில் ஊரிலிருந்து நிறைந்து போகும் வண்டி, திரும்பும்போது ஏறக்குறையக் காலியாக வரும். நடுப்பகல் நடையில் ஐந்தாறு பேர் இருந்தால் அதிகம். மாலையில் இதே கதை தலைகீழாக நடக்கும். இரவு கடைசி நடையில் டவுனிலிருந்து கடை சாத்திவிட்டு வருகிறவர்கள் மட்டும் இருப்பார்கள். டீசலும் டயரும் சம்பளமும் எல்லா நடைக்கும் ஒன்றுதான். ஆகவே கிராமத் தடம் ஒவ்வொன்றிலும் சில நடைகள் தம் செலவைத் தாமே ஈட்டுவதில்லை. காலி நடைகளை நிறுத்தினாலோ நிறைந்த நடைகளும் படிப்படியாகக் குறையும். இரவு திரும்பி வர வண்டி இல்லையென்றால் காலையில் எவரும் அதை நம்பி வேலைக்குப் புறப்படமாட்டார்கள். அந்தக் காலி நடையின் செலவை யார் தலையில் வைப்பது? ஒரு மாநிலத்தின் போக்குவரத்துக் கொள்கை எத்தனை பக்கங்களில் எழுதப்பட்டாலும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. தமிழ்நாடு இதற்குக் கடந்த நூறாண்டுகளில் பல விடைகளை முயன்று பார்த்திருக்கிறது.

முதல் விடை சந்தை. 1910-களின் தொடக்கத்தில் மதுரைப் பகுதியில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் பேருந்து விட்டார். 1920-இல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்துடன் தொடங்கினார். அது வளர்ந்து யூ.எம்.எஸ். என்ற பெரும் நிறுவனமாயிற்று. இவர்களது நேர ஒழுங்கைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். டி.வி.எஸ். வண்டி கடக்கும்போது கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்பது மதுரைச் சீமையில் ஒரு வழக்காறாகவே இருந்தது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது பின்புறம் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு கரி வாயுவில் வண்டிகள் ஓடின. மேட்டில் ஏற முடியாமல் நின்றால் பயணிகள் இறங்கித் தள்ளினார்கள். இந்தத் தனியார் முதலாளிகளைக் குறைத்துச் சொல்ல நமக்கு விருப்பமில்லை. சாலையே ஒழுங்காக இல்லாத காலத்தில் வண்டி ஓட்டியவர்கள் அவர்கள். ஆனால் அவர்கள் கூட்டம் இருந்த தடத்தில்தான் ஓட்டினார்கள். வேறெப்படிச் செய்திருக்க முடியும்?

கூட்டம் இருந்த தடத்திலும் எல்லோரும் ஏற முடியவில்லை. தாழ்த்தப்பட்டோரைப் பேருந்தில் ஏற்றாத வழக்கம் தென்மாவட்டங்களில் வெளிப்படையாகவே இருந்தது. 1920-களின் இறுதியில் இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், சாதி பார்த்து ஆளை இறக்கிவிடும் பேருந்துகளின் உரிமத்தை ரத்து செய்வதாக அறிவித்தார். சுயமரியாதை இயக்கத்தவர், 1929-இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். சென்னைவாசிகள் பாண்டி பஜாரில் துணி எடுக்கும்போது அவரது பெயரைத்தான் அரைகுறையாக உச்சரிக்கிறார்கள். அந்த அறிவிப்பைத் தமிழகத்தின் முதல் போக்குவரத்துக் கொள்கை ஆவணம் என்று நாம் கருதினால் அது மிகையாகாது. பொதுச் சாலையில் ஓடும் வண்டியின் முதலாளி அதில் யார் ஏறலாம் என்று தீர்மானிக்க முடியாது என்ற ஒற்றைக் கருத்து அதில் இருந்தது. பின்னால் வந்த பெரிய சட்டங்கள் இந்தக் கருத்தின் விரிவுரைகள். இராமநாதபுரம் ஜில்லாவுக்கு நாம் மீண்டும் வர வேண்டியிருக்கும்.

1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தடத்துக்குத் தடம் பெர்மிட் என்ற முறையை உறுதிப்படுத்தியது. அதற்கு ஒரு தூண்டுதல் ரயில்வேயின் வருமானக் கவலை. இணையான சாலைகளில் பேருந்துகள் ரயிலின் பயணிகளைக் கவர்ந்துகொண்டிருந்தன. எந்தத் தடத்தில், எத்தனை நடை, எந்த நேரத்தில், என்ன கட்டணம் என்பதையெல்லாம் போக்குவரத்து அதிகாரிகள் முடிவு செய்யலாயினர். விளைவு, வண்டியைவிட பெர்மிட் விலையுயர்ந்த சரக்காயிற்று. யாருக்குப் பெர்மிட் என்பதற்கு மதிப்பெண் போடும் முறையொன்றை 1956-இல் சென்னை அரசு ஆணையாக வெளியிட்டது. 1964-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. நீதி வழங்கும் பொறுப்பிலுள்ள அமைப்புக்கு அரசு இப்படிக் கட்டளையிட முடியாது என்பது காரணம். இடைப்பட்ட ஆண்டுகளில் பெர்மிட் பெற்றுத் தருவதே பல உள்ளூர்ப் பிரமுகர்களின் அரசியலாக இருந்தது. கிராமத் தடத்துக்கு இந்தப் போட்டியில் இடமில்லை. மனுப் போடவே ஆளில்லாத தடத்துக்கு எதற்கு மதிப்பெண்?

அரசே ஓட்டலாம் என்ற எண்ணம் தமிழ்ப் பகுதியில் முதலில் செயலானது தெற்குக் கோடியில். 1938 பிப்ரவரியில் திருவிதாங்கூர் சமஸ்தானம் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு அரசுப் பேருந்தைத் தொடங்கியது. 1956-இல் குமரி மாவட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது அந்தப் பழக்கமும் உடன் வந்தது. சென்னை நகரில் 1947-இல் அரசுப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. 1895 முதல் ஓடிய டிராம் வண்டிகள் 1953-இல் நின்றபின் நகரம் பெரும்பாலும் அந்தப் பேருந்துகளையே நம்பியது. ஆக, தலைநகரிலும் தென்கோடியிலும் அரசு. நடுவே பரந்து கிடந்த நாடு முழுவதும் தனியார்.

1967-இல் அண்ணாதுரை அமைச்சரவை பதவியேற்றதும் இந்த நடுப்பகுதிக்குத் திட்டம் வந்தது. பொதுப்பணித் துறையோடு போக்குவரத்தையும் கவனித்தவர் மு. கருணாநிதி. சென்னையிலிருந்து புறப்படும் தடங்கள், 75 மைலுக்கு மேற்பட்ட நெடுந்தடங்கள், குமரி மாவட்டத் தடங்கள் ஆகியவற்றைப் பெர்மிட் முடிய முடிய அரசு எடுத்துக்கொள்ளும் என்பது அறிவிப்பு. கவனிக்கத்தக்கது என்னவென்றால், அரசு முதலில் கேட்டது நல்ல வருமானமுள்ள நெடுந்தடங்களை. அதை அப்போது பலர் பேராசை என்றார்கள். கணக்கு அப்படியல்ல. நட்டத் தடத்தை மட்டும் அரசு எடுத்துக்கொண்டு லாபத் தடத்தைத் தனியாரிடம் விட்டால், நட்டத்தை வரிப்பணத்தில்தான் கட்ட வேண்டும். இரண்டும் ஒரே கல்லாப் பெட்டியில் விழுந்தால்தான் மதுரை–சென்னை வண்டி ஈட்டியதை ஆலமரத்தடியில் திரும்பும் வண்டிக்குச் செலவிட முடியும்.

1971-இல் வந்த சட்டம் 50-க்கு மேற்பட்ட பேருந்துகளை வைத்திருந்த நிறுவனங்களைக் கையகப்படுத்தியது. 1972 ஜனவரி முதல் நாளில் சென்னையில் பல்லவனும் மதுரையில் பாண்டியனும் பிறந்தன. மதுரையில் கைமாறியவை டி.வி.எஸ். வண்டிகள். அதே ஆண்டு மார்ச்சில் கோவையில் ஆனைமலை பஸ் டிரான்ஸ்போர்ட் வண்டிகள் சேரனாயின. கும்பகோணத்தில் சோழன் உருவானது. மூவேந்தர்களையும் அவர்களுக்குத் துணையாகப் பல்லவரையும் பேருந்தில் ஏற்றிவைத்த அந்தத் தமிழ் மனத்தை இன்று நினைத்தால் புன்னகை வருகிறது. ஆனால் அந்தப் பெயர்கள் ஒட்டிக்கொண்டன. பாண்டியனில் வந்தேன், சேரனில் வந்தேன் என்பது ஒரு தலைமுறையின் இயல்பான பேச்சு.

மத்திய அரசின் 1950-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநிலம் முழுமைக்கும் ஒரே கழகம் அமைத்திருக்கலாம். வேறு பல மாநிலங்கள் அப்படித்தான் செய்தன. தமிழ்நாடோ வட்டாரத்துக்கு ஒன்றாகக் கம்பெனிச் சட்டத்தின் கீழ்ப் பல கழகங்களை அமைத்தது. இதை நாம் அந்தக் காலத்தின் மிக நல்ல முடிவுகளில் ஒன்றாக எண்ணுகிறோம். தலைநகரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு உசிலம்பட்டியின் சந்தைக் கிழமை தெரியாது. மதுரையில் இருப்பவருக்குத் தெரியும். தடம் கேட்டு மனுக் கொடுக்கச் சென்னைக்கு ரயிலேற வேண்டியதில்லை. பின்னர் கழகங்கள் பிரிந்து பிரிந்து 1990-களின் நடுவில் இருபதைத் தாண்டியபோது இந்த நன்மை கேலிக்கூத்தாகவும் ஆனது. தலைவர் பதவிகளும் தலைமையகக் கட்டடங்களும் பெருகினவே தவிர வண்டிகள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. இன்று அவை எட்டு.

1973-இல் மீதமிருந்த தனியார் வண்டிகளையும் எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் வந்தது. நீதிமன்றத்தில் அது பல ஆண்டுகள் கிடந்தது. 1983-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, சமுதாயத்தின் பொருள் வளங்கள் பொது நன்மைக்காகப் பகிரப்பட வேண்டும் என்ற நெறிமுறைக் கோட்பாட்டின் அடிப்படையில் அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பேருந்து என்பது சமுதாயத்தின் பொருள் வளம் என்று நாட்டின் உயர்ந்த மன்றம் சொன்னபோது, அதை முழுமையாகச் செய்து முடிக்கும் எண்ணம் இங்கே யாருக்கும் இருக்கவில்லை. 1976-இல் ஆட்சி கலைக்கப்பட்டதிலிருந்தே அந்த வேகம் போய்விட்டிருந்தது. இன்றும் கோவையிலும் சேலத்திலும் ஈரோட்டிலும் தனியார் டவுன் பஸ்கள் அரசுப் பேருந்துக்கு முன்னும் பின்னும் ஓடுகின்றன. பெரும்பாலும் முன்னே.

இந்த அரைகுறை நாட்டுடைமைதான் தமிழகத்தின் மூலை முடுக்குக்கெல்லாம் பேருந்தைக் கொண்டுபோனது. அதன் குறைகளை அறியாமல் இதைச் சொல்லவில்லை. கூரை ஒழுகும் வண்டிகள், கடன், ஓய்வு பெற்றவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் நிலுவையிலிருந்த பணம், 2018 ஜனவரியில் ஒரே இரவில் ஏறிய கட்டணம், அதை எதிர்த்துத் தெருவுக்கு வந்த மாணவர்கள், அம்மாதமே சிறிதளவு இறங்கிய கட்டணம் எல்லாம் நம் நினைவில் உள்ளவை. நட்டம் என்ற சொல் மட்டும் நமக்கு எப்போதும் உறுத்தலாகவே இருக்கிறது. பள்ளிக்கூடத்தின் கணக்கை யாரும் நட்டம் என்று எழுதுவதில்லை. எட்டாம் வகுப்புக்குப் பிறகு பக்கத்து ஊரில்தான் உயர்நிலைப் பள்ளி என்ற நிலையில், ஒரு பெண்குழந்தை மேலே படிப்பதும் படிக்காமலிருப்பதும் ஒரு தடம் எண்ணைப் பொறுத்தது. அந்தச் செலவு கல்வித் துறையின் ஏட்டில் வராமல் போக்குவரத்துக் கழகத்தின் ஏட்டில் நட்டமாக உட்கார்ந்திருக்கிறது.

இனி இராமநாதபுரம். அந்தப் பழைய ஜில்லாவின் ஒரு பகுதி 1985-இல் விருதுநகர் மாவட்டமாயிற்று. 1997-இல் அங்கே தலைமையிடம் கொண்ட ஒரு புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை அரசு சூட்டியது. கட்டபொம்மனின் படையில் நின்று 1799-இல் ஆங்கிலேயருக்கு எதிரான போரில் உயிர்விட்டவர். தேவேந்திரகுல வேளாளர் சமூகத்தவர். மன்னர்களின் பெயரையும் தலைவர்களின் பெயரையும் தாங்கிய வண்டிகளில் கால் நூற்றாண்டாக ஏறி இறங்கியவர்கள், இந்தப் பெயர் எழுதிய வண்டியில் ஏறமாட்டோம் என்றார்கள். கல்லெறிந்தார்கள். தென்மாவட்டங்களில் கலவரம் பரவியது; உயிர்கள் போயின. ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்கு முன்பு, உன்னோடு நான் ஒரே வண்டியில் ஏறமாட்டேன் என்று சொன்ன அதே மண். இப்போது ஒரே வண்டியில் ஏறுவதைத் தடுக்க முடியாது. அதனால் வண்டியின் நெற்றியில் எழுதிய பெயரைத் தாங்க முடியவில்லை.

அரசு என்ன செய்தது? 1997 ஜூலை முதல் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாப் பெயர்களையும் எடுத்துவிட்டது. சுந்தரலிங்கத்தின் பெயர் ஒன்றை ஏற்க மறுத்ததற்கு விலையாகப் பாண்டியனும் சேரனும் சோழனும் கட்டபொம்மனும் பெரியாரும் அம்பேத்கரும் இறங்கினார்கள். பல்லவன் மாநகர் போக்குவரத்துக் கழகமானது. திருவள்ளுவர் அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகமானது. நெருப்பை அணைக்க வேறு வழி தெரியவில்லை என்று அன்றைய அரசுக்காகப் பேசுகிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் உண்மையில்லாமலில்லை. ஆனால் எதிர்த்தவர்கள் கேட்டது கிடைத்தது என்பதையும் மறைக்க இயலாது. 2021-இல் வெளிவந்த ‘கர்ணன்’ திரைப்படத்தில் பேருந்து நிற்காத ஓர் ஊர் வருகிறது. அதைக் கற்பனை மிகை என்று சொன்ன சில நண்பர்களை நாம் அறிவோம். அவர்கள் தென்மாவட்டங்களில் மப்சல் பஸ்ஸில் மட்டும் பயணம் செய்தவர்கள்.

அதே 1997-இல்தான் மினி பஸ் திட்டமும் வந்தது. அரசுப் பேருந்து நுழைய முடியாத குறுகிய சாலைகளுக்குச் சிறு தனியார் வண்டிகள். தடம் 20 கிலோமீட்டர். அதில் 16 கிலோமீட்டர் வேறு பேருந்து ஓடாத சாலையாக இருக்க வேண்டும். சினிமாப் பாட்டை அலற விட்டுக்கொண்டு, ஓட்டுநருக்குப் பக்கத்தில் எஞ்சின் பெட்டியின்மேல் நான்கு பேரை உட்கார வைத்துக்கொண்டு அவை ஓடின. சில ஆண்டுகள் நன்றாகவே ஓடின. பிறகு பழைய கதை. காலி நடையின் செலவைச் சுமக்க ஒற்றை வண்டி முதலாளிக்கு வேறு லாபத் தடம் கிடையாது. ஷேர் ஆட்டோவும் தவணையில் வாங்கிய இருசக்கர வாகனமும் இளைஞர்களை அழைத்துக்கொண்டு போய்விட, முதியவர்களும் பெண்களும் மிஞ்சினார்கள். பல வண்டிகள் பெர்மிட்டில் இல்லாத டவுன் வீதிகளுக்குள் கூட்டத்தைத் தேடிப் புகுந்தன. பல நின்றே போயின. 2025-இல் அரசு அத்திட்டத்தைத் தடம் 25 கிலோமீட்டர், பேருந்து ஓடாத பகுதி 65 விழுக்காடு என்று மாற்றிப் புதுப்பித்திருக்கிறது. காலி நடை அப்படியேதான் இருக்கிறது.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்ற ஆணை வந்தது. இதை இலவசம் என்று சிரித்தவர்கள் நடுப்பகல் நடையில் ஒருமுறை ஏறிப் பார்த்திருக்கலாம். நகரப் பேருந்துப் பயணிகளில் பெண்கள் நாற்பது விழுக்காட்டிலிருந்து அறுபதுக்கும் மேலானதாக அரசின் கணக்கு சொல்கிறது. பெண்ணொருவருக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கண்டது. அந்தத் தொகையை அரசு கழகங்களுக்கு ஈடு செய்கிறது. காலி நடையின் செலவை மதுரை–சென்னை வண்டியின் தலையில் வைக்காமல் மாநிலத்தின் வரவுசெலவுத் திட்டத்திலேயே நேராக எழுதுவது என்ற விடை இவ்வளவு பெரிய அளவில் இப்போதுதான் வந்திருக்கிறது.

ஆணையில் நகரப் பேருந்து என்றுதான் இருந்தது. முதலில் சொன்ன பெயர் மாறாட்டம் இங்கேதான் காசாகிறது. டவுன் பஸ் வரும் கிராமத்துப் பெண்ணுக்குப் பயணம் கட்டணமில்லாதது. நெடுஞ்சாலையோரத்தில், டவுனிலிருந்து வரம்பைத் தாண்டிய தொலைவில், மப்சல் பஸ் மட்டும் நிற்கும் ஊரின் பெண் அதே சாலையில் அதே வேலைக்குக் காசு கொடுத்துப் போகிறாள். பல ஊர்களில் இரண்டும் வரும். மப்சல் அடிக்கடி, டவுன் பஸ் எப்போதோ. அங்கே நிழற்குடையில் நிற்கும் பெண்கள் அரைக்கால் மைல் தொலைவிலேயே வண்டியின் முகப்பைக் கண்டு இனம் பிரித்துவிடுகிறார்கள். மப்சல் வந்தால் எழுந்திருப்பதில்லை. நடத்துநர் படியில் தொங்கியபடி பார்க்கிறார். யாரும் அசையாததைக் கண்டு விசில் ஊதுகிறார். வண்டி நிற்காமலே கடந்துபோகிறது. அவர்கள் கூடைகளைச் சற்று நகர்த்திவைத்துவிட்டு, அடுத்த வண்டிக்காகச் சாலையின் அந்தக் கோடியைப் பார்க்கிறார்கள்.